அலுவலகம் எங்கே இருக்கிறது?

1906 ஜனவரி, நியூயார்க். சாட்சி நாற்காலியில் ஹென்றி ரோஜர்ஸ். இன்னும் சில நாட்களில் 66 வயது. ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய்ச் சாம்ராஜ்யத்தில் ராக்பெல்லருக்கு அடுத்த வரிசையில் இருந்த ஒரு சிலரில் ஒருவர். எதிரே நின்று கேள்வி கேட்பவருக்கு 33 வயது. மிசூரி மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், பெயர் ஹெர்பர்ட் ஹாட்லி.

விலையை எப்படி நிர்ணயித்தீர்கள், போட்டியாளர்களை எப்படி ஒழித்தீர்கள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ரோஜர்ஸ் இயக்குநராக இருந்த கம்பெனி ஒன்றின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். தபால்காரர் கேட்கிற கேள்வி. ரோஜர்ஸ் பிடிகொடுக்கவில்லை. இயக்குநராக இருந்துகொண்டு அலுவலகம் எங்கே என்று தெரியாது என்பதைத்தான் மிசூரி உச்ச நீதிமன்றத்துக்குச் சொல்ல விரும்புகிறீர்களா என்று ஹாட்லி அடுத்த கேள்வியைப் போட்டார். மிசூரி உச்ச நீதிமன்றம் தன்னிடமிருந்து எதை எதிர்பார்க்கிறது என்பது தனக்கு ஒரு பொருட்டே இல்லை என்ற பொருளில் ரோஜர்ஸ் பதில் சொன்னார். பத்திரிகைகள் அந்தப் பதிலை விடவில்லை. ஒரு மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தைப் பெருமுதலாளி ஒருவர் இப்படி அலட்சியமாகத் தள்ளிவிட்டார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது.

இந்தக் கேள்வியின் அழகை நின்று ரசிக்க வேண்டும். "தெரியும், இன்ன தெருவில் இருக்கிறது" என்று ரோஜர்ஸ் சொல்லியிருந்தால், அடுத்து யார் அந்த அலுவலகத்துக்கு வாடகை கட்டுகிறார், எந்தக் கட்டடம், பக்கத்து அறையில் யார் என்று நூல் பிடித்துக்கொண்டே போகலாம். "தெரியாது" என்றால், இயக்குநர் பதவி வெறும் ஒப்புக்கு, ஆட்டுவிப்பவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள் என்று அவர் வாயாலேயே ஆகிவிடும். "சொல்ல மாட்டேன்" என்றால், முகவரியைக்கூட மறைக்க வேண்டிய அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். மூன்று பக்கமும் வலை. எல்லாம் ஒரு முகவரியைக் கேட்டதில் வந்தது.

பொதுவாக நமக்கு நினைவில் நிற்பது கர்ஜிக்கிற வக்கீல்கள்தான். மேஜையைத் தட்டுவார்கள், சாட்சியை வியர்க்க வைப்பார்கள். ஹாட்லி அந்த ரகம் இல்லை. அவருடைய திறமையெல்லாம் யாரும் அஞ்சத் தோன்றாத சின்னக் கேள்விகளில் இருந்தது. அவருடைய பொதுவாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இந்தக் குணம்தான் எங்கும் கண்ணில் படுகிறது.

ஹாட்லி 1872இல் கான்சாஸ் மாநிலத்தின் ஓலத்தே என்ற ஊரில் பிறந்தார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, நார்த்வெஸ்டர்னில் சட்டம் முடித்து, 1894இல் மிசூரியில் உள்ள கான்சாஸ் சிட்டியில் தொழில் தொடங்கினார். நகராட்சிக்கு உதவி வழக்கறிஞர், பிறகு ஜாக்சன் கவுன்ட்டியின் அரசுத் தரப்பு வழக்கறிஞர். அமெரிக்காவில் இந்தப் பதவிகளில் பல மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவை. மாநில அட்டர்னி ஜெனரலும் அப்படித்தான். ஆளுநர் ஒரு கட்சி, அவருடைய அரசுக்காக வாதாட வேண்டிய அட்டர்னி ஜெனரல் எதிர்க்கட்சி என்ற விநோதமும் நடக்கும். 1904 தேர்தலில் மிசூரியில் அதுவே நடந்தது.

உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்ததிலிருந்து மிசூரி, டெமாக்ரடிக் கட்சியின் கோட்டை. அந்த ஆண்டு தியோடர் ரூஸ்வெல்ட் அலையில் அது ரிபப்ளிகன் பக்கம் சாய்ந்தது. சிகாகோ ட்ரிப்யூனில் ஜான் மக்கட்சன் வரைந்த கேலிச்சித்திரம் புகழ்பெற்றது. ரிபப்ளிகன் மாநிலங்கள் வரிசையில் நிற்க, கடைசியில் மிசூரி என்ற முன்பின் தெரியாத ஆள் வந்து சேர்ந்துகொண்டிருப்பார். அந்த அலையில் அட்டர்னி ஜெனரலாக வந்தவர்தான் ஹாட்லி. ஆளுநர் நாற்காலி மட்டும் டெமாக்ரட் ஜோசப் ஃபோக்கிடம் போயிற்று. செயின்ட் லூயிஸ் நகரத்து லஞ்சக்காரர்களை நீதிமன்றத்தில் நிறுத்திப் பேரெடுத்தவர் ஃபோக். இரண்டு கட்சி, இரண்டு வழக்கறிஞர்கள், ஒரே தலைமைச் செயலகம். கட்சி மாச்சரியம் இருந்திருக்கும். ஆனாலும் டிரஸ்ட் எனப்பட்ட ஏகபோகக் கூட்டுகளை எதிர்ப்பதில் இருவரும் ஒரே திசையில்தான் நடந்தார்கள்.

1905இல் ஹாட்லி கையிலெடுத்தது மண்ணெண்ணெய். ஊரெல்லாம் விளக்கெரிய வேண்டிய சரக்கு. மிசூரியில் அதை மூன்று கம்பெனிகள் விற்றன: இண்டியானா ஸ்டாண்டர்டு ஆயில், வாட்டர்ஸ்-பியர்ஸ், ரிபப்ளிக். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் தனித்தனி. உள்ளே போய்ப் பார்த்தபோது வேலைப் பங்கீடு தெரிந்தது. மாநிலத்தின் வடபாதியில் ஸ்டாண்டர்டு விற்கும், தென்பாதியில் வாட்டர்ஸ்-பியர்ஸ் விற்கும். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால்வைப்பதில்லை.

மூன்றாவதான ரிபப்ளிக் கம்பெனிதான் இந்தக் கதையின் நுட்பமான பாத்திரம். ஸ்டாண்டர்டு ஆயில் மீது மக்களுக்கு வெறுப்பு. "அந்த டிரஸ்ட்டிடம் ஒரு சொட்டு எண்ணெய் வாங்க மாட்டேன்" என்று கங்கணம் கட்டிக்கொண்ட கடைக்காரர்கள் ஏராளம். அந்தக் கோபத்தையும் வீணாக்காமல் காசாக்க ஏற்பட்டது ரிபப்ளிக். கிளீவ்லாந்தில் நெடுநாள் சுயேச்சையாக இருந்த ஸ்கோஃபீல்டு, ஷர்மர் அண்ட் டீகிள் கம்பெனியை 1901இல் வாங்கி, ரிபப்ளிக் என்ற புதுப் பெயரில், டிரஸ்ட்டோடு சம்பந்தமே இல்லாத கம்பெனி போல நடத்தினார்கள். ஸ்டாண்டர்டைத் திட்டிவிட்டு ரிபப்ளிக்கிடம் வாங்கியவரின் காசும் கடைசியில் ஸ்டாண்டர்டு கல்லாவில்தான் விழுந்தது. அந்தக் கம்பெனியில் துணைத் தலைவராக இருந்த இளைஞர் வால்டர் டீகிள், 1917இல் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலுக்கே தலைவரானார். சுயேச்சை வேடம் போட்டவருக்குக் கிடைத்த பதவி உயர்வு என்று சொல்லலாம்.

இப்போது அந்த முகவரிக் கேள்விக்கு இன்னொரு சுவை கூடுகிறது. ஸ்டாண்டர்டு ஆயிலின் தலைமையிடம் நியூயார்க்கில் 26, பிராட்வே. அமெரிக்காவில் அன்று அந்த முகவரியை அறியாதவர் குறைவு. அதே கட்டடத்தின் பின்வாசல் நியூ ஸ்ட்ரீட் பக்கம் திறக்கும். அதற்கு எண் 75. சுயேச்சையானதாகச் சொல்லிக்கொண்ட ரிபப்ளிக்கின் கடிதங்கள் போய்ச் சேர்ந்தது 75, நியூ ஸ்ட்ரீட்டுக்கு. முன்வாசலில் ஒரு பெயர், பின்வாசலில் ஒரு பெயர், நடுவில் ஒரே கூடம். ஒரு ராட்சத நிறுவனத்தின் ரகசியம் கதவு எண்ணில் சிக்கிக்கொண்டது. முகவரி கேட்பதையே ஆயுதமாக வைத்திருந்த வக்கீலுக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி அமைந்திருக்க முடியாது.

அந்தக் கட்டடத்தின் வாசல்கள் இன்னொருவருக்கும் பழக்கம். ஸ்டாண்டர்டு ஆயிலின் வரலாற்றை மக்ளூர்ஸ் இதழில் 1902 முதல் தொடராக எழுதிய ஐடா டார்பெல், ரோஜர்ஸை அங்கே பலமுறை சந்தித்தார். அவர்களை அறிமுகப்படுத்தி வைத்தது மார்க் ட்வெய்ன். கடனில் மூழ்கிய ட்வெய்னைக் கைதூக்கி விட்டவர் ரோஜர்ஸ். ஹெலன் கெல்லரின் படிப்புக்கும் உதவியவர். பார்க்க வருபவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் படாதபடி உள்ளே கூட்டிப்போய் வெளியே அனுப்புவார்கள் என்று டார்பெல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ரோஜர்ஸை வெறும் கொடுமைக்காரராகப் பார்த்தால் அவருடைய சாட்சியத்தின் ருசி கெட்டுவிடும். பேச்சில் கெட்டிக்காரர், நண்பர்களிடம் தாராளம், வியாபாரத்தில் இரக்கமற்றவர். மிசூரியில் பிறந்த எழுத்தாளரைக் காப்பாற்றியவர், மிசூரி நீதிமன்றத்தைத் துச்சமாகப் பேசினார்.

வழக்குக்கு ஹாட்லி தேர்ந்தெடுத்த வடிவத்தையும் கவனிக்க வேண்டும். கோ வாரண்டோ. எந்த அதிகாரத்தின் பேரில் இந்த மாநிலத்தில் தொழில் நடத்துகிறாய், காட்டு என்று நிறுவனத்தை நிற்க வைக்கிற நடைமுறை. யாரையும் சிறைக்கு அனுப்பாது. அதனால் ஜூரியின் மனத்தைக் கரைக்கிற வேலையும் இல்லை. மாநில உச்ச நீதிமன்றத்திலேயே நேராகத் தொடுக்கலாம். மிசூரிக்காரர்களுக்கு ஒரு பேர் உண்டு: கண்ணால் காட்டினால்தான் நம்புவார்கள் என்று. அந்த மாநிலத்துக்கு ஏற்ற வழக்கு இது.

வழக்கு மிசூரியில், சாட்சிகள் நியூயார்க்கில். மிசூரி நீதிமன்றத்தின் சம்மனுக்கு நியூயார்க்கில் தானாக வலு கிடையாது. அங்கே கமிஷனர் ஒருவர் முன் சாட்சியம் பதிய வேண்டும். சாட்சி முரண்டு பிடித்தால் நியூயார்க் நீதிமன்றத்தின் உதவியை நாட வேண்டும். சம்மன் கொடுப்பதே பெரும்பாடு. ராக்பெல்லரைத் தேடிச் சம்மன்காரர்கள் அலைந்த அலைச்சல் பத்திரிகைகளுக்குத் தினசரித் தீனி. உலகப் பெரும் பணக்காரர் ஒரு காகிதத்துக்குப் பயந்து கண்ணாமூச்சி ஆடுகிறார் என்பதை வாசகர்கள் எப்படி ரசித்திருப்பார்கள் என்று கற்பனை செய்வது கடினமல்ல. ஆள் வராமலே ஹாட்லிக்குப் பாதி வெற்றி.

வந்த ரோஜர்ஸோ, வழக்கறிஞரின் ஆலோசனைப்படி பதில் சொல்ல மறுக்கிறேன் என்று கேள்விக்குக் கேள்வி சொல்லிக்கொண்டிருந்தார். ஹாட்லி கோபப்படவில்லை. அடுத்த கேள்வி, அடுத்த மறுப்பு, அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு மறுப்பும் பதிவேட்டில் ஏறியது. பிறகு அந்தப் பட்டியலோடு நியூயார்க் நீதிமன்றப் படி ஏறினார். அந்த ஆண்டிலேயே எதிர்த்தரப்பு இறங்கிவந்து, மூன்று கம்பெனிகளிலும் ஸ்டாண்டர்டின் கை இருப்பதை ஒப்புக்கொண்டது. வாட்டர்ஸ்-பியர்ஸ் பங்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஸ்டாண்டர்டுக்குச் சொந்தம் என்று வெளிவந்தது. அவை பதிவாகியிருந்தது வான் பியூரன் என்ற தனிமனிதர் பெயரில். அவர் யார்? ஸ்டாண்டர்டு ஆயிலை அன்றாடம் நடத்திய ஜான் ஆர்ச்போல்டின் மருமகன். மாமனார் நடத்துகிற சாம்ராஜ்யத்தின் சொத்தை மருமகன் பெயரில் எழுதிவைப்பது எந்த நாட்டு வாசகருக்கும் விளக்கம் தேவைப்படாத ஏற்பாடு.

இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் இன்னொரு மாநிலத்தில் வேறொரு கூரை இடிந்தது. வாட்டர்ஸ்-பியர்ஸை டெக்சாஸ் ஏற்கெனவே வெளியேற்றியிருந்தது. 1900இல் கம்பெனியைக் கலைத்துப் புதிதாகப் பதிவுசெய்து, எந்த டிரஸ்ட்டோடும் தொடர்பில்லை என்று பிரமாணம் கொடுத்து மீண்டும் உள்ளே வந்திருந்தார்கள். மிசூரியில் வந்த வாக்குமூலத்தால் அந்தப் பிரமாணம் பொய்யென்று ஆனது. டெக்சாஸ் புதிய வழக்குத் தொடுத்தது. 16,23,900 டாலர் அபராதம். 1909இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கம்பெனிக்குப் பழைய நாளில் ஆலோசனை சொல்லியிருந்த டெக்சாஸ் செனட்டர் ஜோசப் பெய்லியின் பேரும் இதில் அடிபட்டது. ஹாட்லி தொட்டது மிசூரியை; வலித்தது டெக்சாஸில்.

1907இல் மாநில அட்டர்னி ஜெனரல்கள் பலர் ஒன்றுகூடி, ஸ்டாண்டர்டு ஆயிலை எதிர்த்து எப்படிச் சேர்ந்து செயல்படுவது என்று ஆலோசித்தார்கள். அவர்களுடைய தேசியச் சங்கத்துக்கு அதுவே பிறப்பு. மைய அரசும் 1906 நவம்பரில் அதே மிசூரியின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஸ்டாண்டர்டு மீது வழக்குத் தொடுத்தது. 1911 மே 15 அன்று அந்த வழக்கில்தான் சாம்ராஜ்யம் 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. அந்தப் பெருமை மைய அரசின் வழக்கறிஞர் ஃபிராங்க் கெல்லாக்குக்குப் போயிற்று. சரிதான். ஆனால் உரிமையாளர் யார் என்ற பூட்டை அதற்கு முன்பே மிசூரியில் ஒருவர் திறந்து பார்த்திருந்தார்.

இதே காலத்தில் சிகாகோவில் ஒரு வாணவேடிக்கை நடந்தது. 1907 ஆகஸ்டில் நீதிபதி லாண்டிஸ், ரயில் கட்டணச் சலுகை வழக்கில் இண்டியானா ஸ்டாண்டர்டுக்கு 1,462 குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 20,000 டாலர் என்று 2,92,40,000 டாலர் அபராதம் விதித்தார். நாடே வாய்பிளந்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அது தள்ளுபடியாயிற்று. ஒரு டாலர்கூட வசூலாகவில்லை. ஹாட்லியின் வழக்கில் 1908 டிசம்பரில் வந்த தீர்ப்பில் கம்பெனிக்கு 50,000 டாலர் அபராதம்தான். அது நின்றது.

அந்தத் தீர்ப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று கம்பெனிகளும் குற்றவாளிகள், மூன்றுக்கும் அதே அபராதம். வெளியேற்றத்தில் மட்டும் வேறுபாடு. இண்டியானா ஸ்டாண்டர்டும் ரிபப்ளிக்கும் மாநிலத்தை விட்டுப் போக வேண்டும். மிசூரியிலேயே பதிவான வாட்டர்ஸ்-பியர்ஸுக்கு, கூட்டை முறித்து ஒழுங்காக நடந்தால் இருக்கலாம் என்று நிபந்தனையோடு ஒரு வாசல் திறந்திருந்தது. ஸ்டாண்டர்டு மேல்முறையீட்டுக்குப் போனது. வெளியேற்றத்தைத்தானே கேட்டார்கள், அபராதம் எங்கிருந்து வந்தது என்பது அவர்களுடைய வாதம். 1912இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிசூரி பக்கமே நின்றது. மிசூரி முறைப்படி அந்த வழக்கின் தலைப்பிலேயே, தகவல் கொடுத்து வழக்கை நடத்தியவர் என்று ஹாட்லியின் பெயர் இருக்கிறது. மிசூரி சட்ட அறிக்கைகளின் 218ஆம் தொகுதியில் முதல் பக்கத்திலேயே அதைப் பார்க்கலாம்.

தீர்ப்பு வந்தபோது அவர் பதவியிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார், ஆளுநர் நாற்காலிக்கு. 1908 நவம்பரில் டெமாக்ரட் வில்லியம் கவுஹர்டைத் தோற்கடித்து, மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் மிசூரியின் முதல் ரிபப்ளிகன் ஆளுநரானார். அட்டர்னி ஜெனரலாகக் குதிரைப் பந்தயச் சூதாட்டக் கழகத்தின் மீதும், அறுவடை இயந்திர டிரஸ்ட்டான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் மீதும் அவர் தொடுத்த வழக்குகள் தனியாகச் சொல்லத் தக்கவை. முறை அதேதான் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். ஆளுநராக 1909இல் ஓசார்க் மலைப்பகுதியின் கரன்ட் ஆற்றில் படகுப் பயணம் போய் அந்தப் பகுதிக்குப் பெயர் தேடித் தந்தார். 1911 பிப்ரவரியில் இடிவிழுந்து தலைநகர் ஜெஃபர்சன் சிட்டியின் சட்டமன்றக் கட்டடம் எரிந்ததும் அவர் காலத்தில்தான்.

1912இல் சிகாகோவில் ரிபப்ளிகன் கட்சி மாநாடு. வேட்பாளர் யார், ஜனாதிபதி டாஃப்டா, முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்டா என்று கட்சி இரண்டாகப் பிளந்து நின்ற கூட்டம். மாநாட்டு அவையில் ரூஸ்வெல்ட் அணிக்குத் தலைமை தாங்கி வாதாடியவர் ஹாட்லி. அங்கேயும் அவர் எடுத்த ஆயுதம் சட்டையைப் பிடிக்கிற பேச்சு இல்லை. தங்கள் இருக்கையே தகராறில் இருக்கும் பிரதிநிதிகள், அந்தத் தகராறைத் தீர்க்கும் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளலாமா? கேட்டால் யாரும் தலையசைக்கும் கேள்வி. டாஃப்ட் அணிக்குத் தொண்டையில் முள். எதிர்முகாமில் இருந்தவர்களும் அவருடைய தோரணையைப் பாராட்டினார்கள். ஒரு கட்டத்தில் அவர் பெயரைச் சொல்லியே கூட்டம் நெடுநேரம் ஆரவாரம் செய்தது. சமரச வேட்பாளராக அவரையே நிறுத்தலாமா என்ற பேச்சும் எழுந்தது. ரூஸ்வெல்ட் அதற்கு வழிவிடவில்லை. தோற்றபின் ரூஸ்வெல்ட் புதுக்கட்சி கண்டு வெளியேறியபோது, ஹாட்லி அவரோடு போகவில்லை. கட்சிக்குள்ளேயே இருந்துவிட்டார். அதைத் துணிச்சலின்மை என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கிற மன்றத்துக்குள்ளேயே நின்று கேட்டுப் பழகியவருக்கு அது இயல்பு என்று எனக்குப் படுகிறது.

பிறகு உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. கொலராடோ போய் 1917 முதல் 1923 வரை அங்கே பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார். ரோமானிய வரலாற்றை நிகழ்காலத்தோடு வைத்துப் பார்க்கும் நூல் ஒன்றையும் எழுதினார். 1923இல் செயின்ட் லூயிஸ் திரும்பி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சான்சலரானார். குற்றவியல் விசாரணை முறைகளைச் சீர்ப்படுத்தும் வேலையில் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். 1927 டிசம்பர் 1 அன்று, 55 வயதில் மறைந்தார்.

ஸ்டாண்டர்டு ஆயிலின் வீழ்ச்சியைச் சொல்லும் புத்தகங்களில் டார்பெல் வருவார், ரூஸ்வெல்ட் வருவார், கெல்லாக் வருவார், லாண்டிஸின் மாபெரும் அபராதமும் வரும். ஹாட்லிக்குப் பெரும்பாலும் ஒரு பத்திதான். அவர் ரசிகனாக எனக்கு அதில் குறையில்லை. விசாரணைக் கலையைப் பயில விரும்பும் இளம் வக்கீலுக்கு அந்த ஒரு பத்தியே போதும். எதிரியின் பலம் எவ்வளவு பெரிதோ, கேட்கிற கேள்வி அவ்வளவு சின்னதாக இருக்கட்டும் என்பதை அதற்குள் படித்துக்கொள்ளலாம். மிச்சத்தைச் சாட்சியின் செருக்கே பார்த்துக்கொள்ளும்.